கனடா போகிறவர்கள் விட்டுவிட்டுப் போகும் புல்டோக்கை எடுக்கலாமா? (திருகோணமலை, உவர்மலை)

உவர்மலைக்காரி | மே 11, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். சுருக்கமாகக் கேட்கத்தான் நினைக்கிறேன், நீண்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். வெள்ளவத்தையில் இருக்கும் என் ஒன்றுவிட்ட அக்கா குடும்பம் ஜூன் கடைசியில் கனடா போகிறது. அவர்களிடம் நாலு வயது இங்கிலிஷ் புல்டோக் ஒன்று இருக்கிறது, கடுவன், பெயர் சேர்ச்சில். விசா, டிக்கெட் எல்லாம் சரிவந்த பிறகுதான் நாயைப் பற்றி விசாரித்திருக்கிறார்கள். கேட்ட இரண்டு விமானக் கொம்பனியும் தட்டை மூக்கு நாயைச் சரக்கில் ஏற்ற மாட்டோம் என்று சொல்லிவிட்டன. இப்போது அக்கா நாளுக்கு இரண்டு தரம் போன் எடுத்து அழுகிறா.

எங்கள் வீட்டில் நான், அம்மா, ஏழு வயது மகன். அவர் கட்டாரில். ஏசி இல்லை, இரண்டு ஃபான், முன் விறாந்தைக்கு வேப்பமர நிழல், வீடு முழுக்க டைல்ஸ். நாய் பழகாத ஆட்கள் அல்ல, முந்தி ஊர்நாய் ஒன்றைப் பன்னிரண்டு வருடம் வைத்திருந்தோம், சோறும் மீன்தலையும், வருடத்துக்கு ஒரு விசர்நாய் ஊசி, அவ்வளவுதான் அதற்குச் செய்தது. அம்மாவுக்குப் பயம், முகத்தைப் பார்த்தால் கடிக்கிற சாதி போல் இருக்கிறதே என்று. எனக்குப் பயம் வேறு. போன மாதம் போனபோது ஏசி அறைக்குள் படுத்துக்கொண்டே அது மூச்சு இழுத்த இழுப்பு இன்னும் காதில் நிற்கிறது. இங்கே கச்சான் காற்றுக்கு அது தாங்குமா?

கன்னியா_சுடுதண்ணி | மே 11, இரவு 9.58

1942 ஏப்ரல் 9 இல் யப்பான்காரன் இங்கே குண்டு போட்டபோது எட்டிப் பார்க்காத சேர்ச்சில் இப்போதுதான் வருகிறாராமா. வரட்டும். குளிக்க வேண்டுமென்றால் எங்கள் பக்கம் ஏழு கிணறு இருக்கிறது, எல்லாம் சூடு.

நிலாவெளிக்காரன் | மே 11, இரவு 10.15

யோசிக்காமல் எடுங்கள். காளையோடு சண்டை பிடிக்க என்றே உருவாக்கிய சாதி, கள்ளன் மதில் பக்கம் வரமாட்டான். காளையின் மூக்கைக் கவ்விப் பிடித்தபடியே மூச்சு விட வேண்டும் என்றுதான் அதற்கு மூக்கைப் பின்னுக்கு வைத்திருக்கிறது. பின்னேரத்தில் கடற்கரைக்குக் கொண்டுபோய் ஓட விட்டு நன்றாக நீந்த விடுங்கள், சூடு தானாகத் தணியும்.

டச்பே_அண்ணை | மே 12, காலை 5.20

தங்கச்சி, தயவு செய்து கடலில் விட்டுவிடாதீர்கள். புல்டோக்கின் தலை கல்லுப் பாரம், கால் கட்டை. முன்பக்கம் தாழ்ந்து மூக்கு தண்ணீருக்குள் போகும், கொஞ்ச நேரம் உதைத்துப் பார்க்கும், பிறகு அமிழும். நீந்துகிற புல்டோக் எங்காவது ஒன்றிரண்டு இருக்கலாம், உங்கள் நாயை வைத்து அதைச் சோதிக்க வேண்டாம்.

நான் ஒன்று வைத்திருந்தேன், டைசன், குட்டியிலிருந்து ஏழரை வயது வரை. கடிக்குமோ என்ற பயத்தை அம்மாவை விடச் சொல்லுங்கள். வீட்டுக்கு யார் வந்தாலும் அவர்களுடைய பாதத்தின் மேல் குந்திக்கொண்டு, வால் என்று சொல்ல ஒன்றும் இல்லாதபடியால் பின்பக்கத்தை முழுதாக ஆட்டும். கள்ளன் வந்தாலும் அவன் காலிலும் குந்தும், அதனால் காவலுக்கு என்று எடுப்பவர்கள் ஏமாறுவார்கள். பிடிவாதம் மட்டும் சொல்லி முடியாது. நடு ரோட்டில் படுத்தால் படுத்ததுதான், பஸ்காரன் ஹோர்ன் அடித்தால் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடும். சின்னப்பிள்ளைகள் என்றால் உயிரை விடும். மகனுக்கு நல்ல கூட்டாளி, ஆனால் ஓடிப்பிடித்து விளையாடுகிற கூட்டாளி என்று நினைத்து எடுக்காதீர்கள்.

இப்போது நீங்கள் கேட்ட விஷயம். இரண்டாவது வருடம், ஜூன் மாதம், காலை ஆறே முக்கால். வெயில் ஏறவில்லைத்தானே என்று டச்பே கரையில் நடத்திக்கொண்டு போனேன். கோட்டைப் பக்கத்து மான்கள் கரைக்கு வந்து நிற்பது தெரியும்தானே, ஒன்று குப்பைக்குள் வாழைப்பழத் தோல் தின்றுகொண்டு நின்றது. கயிறு கையிலிருந்து நழுவியது. அவன் ஓடியது ஐம்பது யார் கூட இருக்காது, மான் திரும்பியும் பார்க்கவில்லை. இவன் மணலில் முன்கால் இரண்டையும் அகட்டி நின்றான். நாக்கு எப்போதும் வெளியில்தான் கிடக்கும், ஆனால் அன்று அது அகப்பை மாதிரி அகன்று நுனி மேலே வளைந்து, நாவற்பழம் தின்ற பிள்ளையின் நாக்கு நிறத்துக்கு வந்துவிட்டது. வழக்கமான குறட்டைச் சத்தம் நின்று விசில் அடிப்பது போல ஒரு சத்தம். வாயிலிருந்து வழிந்தது தண்ணீராக இல்லை, தடித்த நுரை. பிறகு பின்னங்கால்கள் அப்படியே இருந்துவிட்டன.

தோணி தள்ளிக்கொண்டு நின்ற ஒருவர் ஓடிவந்து வாளியால் கடல் தண்ணீரை அள்ளி அள்ளி ஊற்றினார். திடீரென்று குளிர்ந்த தண்ணீர் பட்டால் அதிர்ச்சியில் செத்துவிடும் என்று எங்கோ வாசித்திருந்த நான் அவர் கையைப் பிடித்தேன். அவர் இங்கே எழுத முடியாத ஒரு சொல்லால் என்னை ஏசிவிட்டு ஊற்றினார். அவர் செய்ததுதான் சரி என்று பிறகு வைத்தியர் சொன்னார். முதலில் அந்த இடத்திலேயே குளிர வை, பிறகு ஏற்றிக்கொண்டு போ. கிடைக்கிற தண்ணீரை உடம்பெல்லாம் ஊற்று, காற்று படும்படி விசிறு, ஈரத் துவாயைப் போர்த்திவிட்டு விடாதே, அது சூட்டை உள்ளே பிடித்துவைக்கும். வாய்க்குள் தண்ணீர் ஊற்றாதே, இழுக்கிற மூச்சோடு நுரையீரலுக்குப் போய்விடும். நான் சேட்டைக் கழற்றி விசிறிக்கொண்டு ஓட்டோவில் போனேன், இரண்டு பக்கத் திரையையும் சுருட்டிவிட்டு. சேலைன் ஏற்றினார்கள். பின்னேரம் நாலு மணிக்கு எழுந்து வைத்தியரின் காலில் குந்தினான்.

அதற்குப் பிறகு மார்ச் முதல் செப்டெம்பர் வரை நடை காலை ஐந்து மணிக்கும் இரவு ஒன்பதுக்குப் பிறகும் மட்டும், பத்து நிமிடம். புறங்கையைத் தாரில் ஏழு செக்கன் வைக்க முடியாவிட்டால் அன்று நடையே இல்லை. 2022 மார்ச் கடைசியில் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் இல்லாத நாளில் நானும் அவனும் குளியலறைச் சீமெந்துத் தரையில் படுத்துக் கிடந்தோம். வீட்டுக்காரி இன்றுவரை சொல்லிச் சிரிப்பா.

உவர்மலைக்காரி | மே 12, காலை 7.05

அண்ணை, வாசித்துவிட்டுக் கை நடுங்குகிறது. மகனிடம் இன்னும் சொல்லவில்லை, நல்லவேளை.

பேராதனை_நாலாம்வருடம் | மே 12, மதியம் 1.30

மிருக வைத்தியம் படிக்கிறேன், இன்னும் வைத்தியர் இல்லை, அதனால் இதைப் படிக்கிற பெடியன் சொல்வதாக எடுத்துக்கொள்ளுங்கள். ஊர் மூதூர்.

நாய்க்கு வியர்வை பாதத்தில் மட்டும்தான், அதுவும் கொஞ்சம். நாக்கிலும் மூக்குக்குள்ளும் இருக்கும் ஈரம் ஆவியாகித்தான் உடம்பு குளிரும். புல்டோக்கில் என்ன நடந்தது என்றால் மண்டையோட்டைக் குறுக்கிவிட்டார்கள், உள்ளே இருக்கிற சதை குறுகவில்லை. மூக்குத் துவாரம் கீறல் போல, மெல்லண்ணம் நீண்டு மூச்சுக்குழல் வாயில் தொங்குகிறது, பலதுக்கு மூச்சுக்குழலே ஒடுக்கம். பப்பாசி இலைத் தண்டால் மட்டும் மூச்சு விட்டுக்கொண்டு கோணேசர் கோயில் ஏற்றம் ஏறிப் பாருங்கள், அதுதான் அதன் சீவியம். இழுக்க இழுக்கத் தொண்டை வீங்கும், வீங்க வீங்க வழி ஒடுங்கும், ஒடுங்க இன்னும் பலமாக இழுக்கும். டச்பே அண்ணையின் நாய் ஐம்பது யாரில் விழுந்தது இப்படித்தான்.

அக்கா, முடிவெடுக்க முன் அவர்களை கொழும்பில் ஒரு வைத்தியரிடம் கொண்டுபோய்க் காட்டச் சொல்லுங்கள். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து பிரித்தானிய கெனல் கிளப் 2019 இல் கொண்டுவந்த ஒரு சோதனை இருக்கிறது. முதலில் தொண்டையில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்பார்கள், மூன்று நிமிடம் துள்ளோட்டமாக நடத்துவார்கள், திரும்பவும் கேட்பார்கள். பூச்சியம் முதல் மூன்று வரை தரம். மூன்று என்றால் திருகோணமலைக்குக் கொண்டுவர யோசிக்கவே வேண்டாம், முதலில் ஒப்பரேஷன். மூக்குத் துவாரத்தை அகட்டி அண்ணத்தை வெட்டிக் குறைப்பார்கள், அதை இங்கே ஒரு வசதியும் இல்லாத இடத்தில் செய்ய முடியாது, மயக்க மருந்திலிருந்து எழும்பும் நேரம்தான் புல்டோக்குக்குப் பெரிய கண்டம். “குறட்டை அந்தச் சாதிக்கு வழமை” என்று சொல்லிச் சொல்லியே பலர் நாலு ஐந்து வருடம் காட்டாமல் விட்டுவிடுகிறார்கள்.

பாரம் எவ்வளவு என்றும் கேளுங்கள். கடுவனுக்கு 25 கிலோ அளவில் இருக்க வேண்டும்.

நிலாவெளி அண்ணை, மூக்கு பின்னுக்கு இருப்பது காளையைப் பிடித்து மூச்சு விடத்தான் என்பது எல்லா இடத்திலும் சொல்கிற கதை. பிரித்தானியாவில் காளைச் சண்டையை 1835 இல் சட்டம் போட்டு நிறுத்தினார்கள். அந்தக் காலத்துப் படங்களில் இருக்கிற புல்டோக்குக்குக் கால் நீளம், மூஞ்சியும் நீளம். இந்தத் தட்டை முகம் பெரும்பாலும் அதற்குப் பிறகு நாய்க் கண்காட்சிக்காக வளர்த்து வளர்த்து வந்தது. இப்போதுள்ளதைக் காளைக்கு முன்னால் விட்டால் காளை பாவம் பார்த்துப் போய்விடும்.

நிலாவெளிக்காரன் | மே 12, மதியம் 2.10

சரி சரி, நீந்தச் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். படத்தைப் பார்த்தால் வீரன் போல்தான் இருக்கிறது.

ஓய்வுபெற்ற_ரீச்சர் | மே 12, இரவு 8.00

எனக்கு நாய்கள் பிடிக்கும் என்பதால்தான் எழுதுகிறேன். பிரித்தானிய அரச மிருக வைத்தியக் கல்லூரி 2022 இல் வெளியிட்ட ஆய்வில், மற்ற நாய்களைவிட புல்டோக்குக்குத் தோல் மடிப்புப் புண் வரும் சாத்தியம் 38 மடங்கு. அதே வருடம் அவர்களே போட்ட ஆயுள் கணக்கில் ஒரு புல்டோக் குட்டியின் எதிர்பார்க்கும் ஆயுள் 7.39 வருடம், ஜக் ரசல் நாய்க்கு 12.72. தலை பெரிது, இடுப்பு ஒடுக்கம், அங்கே பெரும்பாலான குட்டிகளை வயிற்றை வெட்டித்தான் எடுக்கிறார்கள். நோர்வேயில் 2022 ஜனவரியில் ஒஸ்லோ நீதிமன்றம் இந்த இனத்தைப் பெருக்குவதே சட்டவிரோதம் என்று தீர்த்தது. வடிவு என்று நாங்கள் பார்த்துச் சிரிக்கிற அந்த முகம் அதற்கு நோய். உவர்மலையில் ஒன்று வந்தால் பார்க்கிற நாலு பேர் “எங்கே வாங்கினீர்கள்” என்று கேட்பார்கள், கேட்கிறவர்களில் ஒருவராவது கொழும்பில் குட்டிக்கு முற்பணம் கட்டுவார். ஏன் தொடக்க வேண்டும்?

பேராதனை_நாலாம்வருடம் | மே 12, இரவு 8.35

ரீச்சர், நோர்வே வழக்கில் புல்டோக் பற்றிய தீர்ப்பை மேன்முறையீட்டு நீதிமன்றம் அதே வருடம் நவம்பரில் மாற்றிவிட்டது. கவலியர் என்ற இன்னொரு சாதிக்குத்தான் தடை நின்றது. மற்றதெல்லாம் நீங்கள் சொல்வது உண்மை, எங்களுக்கும் அப்படித்தான் படிப்பிக்கிறார்கள்.

டச்பே_அண்ணை | மே 12, இரவு 9.15

ரீச்சர், குட்டி வாங்கலாமா என்று தங்கச்சி கேட்டிருந்தால் நானும் உங்கள் பக்கம்தான். டைசனுக்குப் பிறகு நான் இன்னொன்று எடுக்கவில்லை, எடுக்கவும் மாட்டேன். ஆனால் இது ஏற்கெனவே பிறந்து நாலு வயதாகிவிட்டது. இவர்கள் எடுக்காவிட்டால் யாரோ ஒருவர் இலவசமாக வாங்கிக் குட்டி போடவைக்கத்தான் எடுப்பார். தங்கச்சி, எடுப்பதென்றால் வர முன்னமே நலம் எடுத்துவிட, அதாவது இனி குட்டிக்கு வழியில்லாமல் விதையை அகற்றிவிடச் சொல்லுங்கள், மயக்க மருந்துக்கு அங்கே வசதி இருக்கிறது. யாராவது எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டால் இந்த இழையை அனுப்பிவிடுங்கள்.

ஓய்வுபெற்ற_ரீச்சர் | மே 12, இரவு 9.30

நலம் எடுப்பதென்றால் என் வாயை மூடுகிறேன்.

உவர்மலைக்காரி | மே 29, இரவு 10.20

காட்டினார்கள். தரம் இரண்டு. 31 கிலோ! அக்காவின் மாமியார் பின்னேரத்தில் பட்டர் கேக் கொடுத்துப் பழக்கியிருக்கிறா, இப்போதுதான் தெரிகிறது. ஒரே மயக்கத்தில் மூக்குத் துவாரத்தையும் அகட்டி நலமும் எடுத்துவிட்டார்கள், செலவு அக்காவுடையது. முதலில் மெலிய வைக்க வேண்டும் என்று வைத்தியர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார், மூன்று கிலோ குறைந்தாலே மூச்சு வேறு மாதிரி இருக்குமாம். ஜூன் நடுப்பகுதியில் கொண்டுவருகிறோம். பகல் பஸ்ஸில் முடியாது. வான் பிடித்தால் எத்தனை மணிக்கு வெளிக்கிடுவது?

கிண்ணியா_மீன்லொறி | மே 29, இரவு 11.50

எங்கள் வீட்டில் நாய் வளர்க்கிறதில்லை, அதனால் நாயைப் பற்றி ஒன்றும் தெரியாது. ரோட்டைப் பற்றிக் கேளுங்கள், கிழமைக்கு மூன்று தரம் ஓடுகிறேன். இரவு ஒன்பதுக்கு வெளிக்கிட்டால் ஹபறணையைத் தாண்டும்போது விடியற்காலை இரண்டு, அங்கேயிருந்து கந்தளாய் வரை யானை நிற்கும், லைட்டை அணைத்துவிட்டு மணிக்கணக்கில் காத்து நின்றிருக்கிறேன். வான் நின்றால் ஏசியும் நிற்கும், ஆனால் அந்த நேரம் குளிர்தான். பின்னேரம் வெளிக்கிட்டால் குருநாகல் வரை வெக்கையும் நெரிசலும். என் யோசனை இரவு பத்தரை. ஹபறணைக்கு மூன்று மணிக்கு மேல் வருவீர்கள், கந்தளாயில் விடிய வெளிச்சம் வரும். வானுக்குள் இரண்டு ஐஸ் போத்தலைத் துவாயில் சுற்றி வையுங்கள், மீனுக்கு நாங்கள் செய்கிற மாதிரி.

டச்பே_அண்ணை | மே 30, காலை 5.15

ஏற்ற முன் ஆறு மணித்தியாலம் சாப்பாடு வேண்டாம், இந்தச் சாதி கக்கும். கழுத்துப் பட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு நெஞ்சுப் பட்டி வாங்குங்கள். காய்ச்சல் மாதிரி இருக்கிறது என்று யாராவது பனடோல் கொடுக்கச் சொன்னால் கேட்காதீர்கள், வெக்கையில் ஏறிய சூட்டை அது இறக்காது, நாய்க்கு நஞ்சாகவும் போகலாம்.

உவர்மலைக்காரி | ஜூன் 18, இரவு 9.00

வந்துவிட்டார். காலை ஐந்தரை. யானை ஒன்றுதான், அதுவும் தூரத்தில். வானிலிருந்து இறக்கியதும் விறாந்தையில் கால் நாலையும் பரப்பி, தவளை மாதிரி வயிறு டைல்ஸில் படப் படுத்தவர்தான். அம்மாவுக்கு சேர்ச்சில் என்று வாய் வரவில்லை, “சேர்” என்று கூப்பிடுகிறா. “சேர் சாப்பிட்டாரா, சேர் எழும்பினாரா” என்று கேட்க, தண்ணீர் பில் கொண்டுவந்த பெடியன் உள்ளே யாரோ பெரிய உத்தியோகத்தர் இருக்கிறார் என்று நினைத்து வாசலிலேயே நின்றுவிட்டான்.

இரண்டு விஷயம் கேட்க வேண்டும். மூக்குக்கு மேலுள்ள மடிப்புக்குள் சிவந்து புளித்த மாவு மணம் வருகிறது. அம்மா தேங்காய் எண்ணெயில் மஞ்சள் குழைத்துப் பூசினா. சரியா? மற்றது, வாலடியிலும் ஏதோ மணம்.

பேராதனை_நாலாம்வருடம் | ஜூன் 18, இரவு 10.10

எண்ணெயை நிறுத்தச் சொல்லுங்கள் அக்கா, அம்மா கோபிக்காமல் பார்த்து. அந்தப் புளித்த மணம் ஒருவகைப் பூஞ்சணம், தோலின் எண்ணெயைத் தின்றுதான் அது வளரும். மடிப்புக்குள் எண்ணெய் விட்டால் அதற்குச் சோறு போட்டது மாதிரி. விரலில் பருத்தித் துணியைச் சுற்றி மடிப்பின் அடிவரை விட்டுத் துடையுங்கள், குளோர்ஹெக்சிடின் கலந்த மிருகங்களுக்கான துடைப்பான் கிடைத்தால் இன்னும் நல்லது, கண்ணில் படாமல். பிறகு உலர்ந்த துணியால் ஒற்றி எடுக்க வேண்டும், ஈரம் நின்றால் துடைத்தும் பயனில்லை. நாளுக்கு ஒரு தரம். சாப்பிட்ட பிறகு செய்தால் சோற்றுப் பருக்கையும் வந்துவிடும்.

வால் சுருண்டு உள்ளே போயிருக்கும் இடத்தில் அடியில் ஒரு குழி இருக்கும், பலர் அதைக் கண்டதே இல்லை. விரலை விட்டுப் பாருங்கள், அங்கேயும் இதே வேலை. கால்விரல் இடுக்குகளையும் பாருங்கள், உண்ணி அங்கேதான் ஒளிந்திருக்கும், விறாந்தைக்கு முன்னால் வேப்பமரம் என்றீர்கள். கண் மூலையில் சிவப்பாகச் சதை தள்ளினால் வெட்டி எடுக்க விடாதீர்கள், கண்ணீர் சுரக்கிற சுரப்பி அது, உள்ளே தைத்து வைக்கத்தான் வேண்டும். வெட்டினால் பிறகு கண் காயும்.

உவர்மலைக்காரி | ஜூன் 18, இரவு 10.40

வால் குழிக்குள் விட்டுப் பார்த்தேன். தம்பி, அதை நான் இங்கே விபரிக்கப் போவதில்லை.

உவர்மலைக்காரி | ஓகஸ்ட் 1, இரவு 8.30

ஆறு கிழமை. மீன் கடைத் தராசில் ஏற்றிப் பார்த்தோம், 28.6. அளந்து போடுகிற சாப்பாடு காலையும் இரவும், இடையில் வெள்ளரிக்காய் துண்டு. மீன்தலை இல்லை, மகன் களவாகக் கொடுக்கிற பிஸ்கட்டைத் தவிர. படுத்திருக்கும்போது மூச்சுச் சத்தம் பாதியாகிவிட்டது. மத்தியானம் இரண்டு மணிக்கு அம்மா ரீவி பார்ப்பா, அவர் ஃபானுக்குக் கீழே குறட்டை. குறட்டை நின்றால் அம்மா ரீவியை நிறுத்திவிட்டு எழும்பிப் போய் வயிறு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துவிட்டு வருவா.

அவசரமாக எழுதுவது இதற்குத்தான். நாளை காலை எட்டு முதல் பின்னேரம் ஐந்து வரை எங்கள் பக்கம் திருத்த வேலைக்குக் கரண்ட் நிறுத்துகிறார்கள், இப்போதுதான் அறிவித்தார்கள். நாளைக்கு 36 பாகை என்கிறது போன். பிறிட்ஜில் இரண்டு போத்தல்தான் உறைந்திருக்கிறது. ஐஸ் எங்கே எடுக்கலாம்?

கிண்ணியா_மீன்லொறி | ஓகஸ்ட் 1, இரவு 8.42

கடையில் தேட வேண்டாம். காலை ஏழு மணிக்கு டவுனுக்கு வருகிறேன், அரைக் கட்டி ஐஸ் சாக்கில் சுற்றி உங்கள் கேற்றடியில் இறக்குகிறேன். உமி போட்டுச் சுற்றியிருக்கும், பின்னேரம் வரை நிற்கும். நேரே ஐஸில் படுக்க விடாமல் மேலே பலகை போட்டு, அதற்கு மேல் சாக்கு. நாயைக் கட்டி வையுங்கள்.

உவர்மலைக்காரி | ஓகஸ்ட் 1, இரவு 8.45

கட்டத் தேவையில்லை அண்ணை. ஏழு மணிக்கு அவர் எழும்ப மாட்டார்.